கிரகணமும் புயலும்: வதந்திக்கு நாம் தரும் விடை



ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அந்த இறப்புக்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசினர். துயரத்திலும் நபியவர்கள் அப்பேச்சை மறுத்தார்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணத்தோடு தொடர்பில்லை என்று விளக்கி, தொழுகையின்பால் மக்களைத் திருப்பினார்கள்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் நாம் இந்நிகழ்வை ஒவ்வொரு மழைக்காலத்திலும் நினைவுகூர வேண்டும். புயல் உருவானதும் கைப்பேசியில் வரும் செய்திகளைச் சரிபாராமலே பகிர்ந்துவிடுகிறோம். நம் பக்கத்திலேயே, சென்னைத் துறைமுகத்தில், இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் 2002-இல் நிறுவப்பட்டது. அது அனுப்பும் ரேடியோ அலைகள் மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு மழையின் அளவையும் காற்றின் வேகத்தையும் அறிகிறார்கள்.

வளிமண்டலத்தைப் போலவே கதிரவனின் சீற்றத்தையும் ரேடியோ அலைகளால் அறியலாம். ஊட்டி அருகே முத்தோரையில் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்த ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் செயல்படுகிறது. அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கதிரவனிலிருந்து ஓயாது வீசும் மின்துகள் ஓட்டமே சூரியக் காற்று. தொலைதூர வான்பொருள்களின் ரேடியோ அலைகள் அதைக் கடக்கும்போது, விண்மீன் கண்சிமிட்டுவது போல நடுங்குகின்றன. அந்நடுக்கத்தை அளந்தே சூரியக் காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. மேகம் மூடினாலும் இப்பணி தடைபடுவதில்லை. 2024 மே மாதம் வீசிய சூரியப் புயலின் ஒளி லடாக்கின் ஹான்லே வானத்திலும் செந்நிறமாய்த் தெரிந்தது. இத்தகைய புயல்கள், காசிமேட்டுப் படகுகள் நம்பியிருக்கும் ஜிபிஎஸ் கருவியையும் தடுமாறச் செய்யக்கூடும்.

இவை உலகக் கல்விதானே, மார்க்கத்திற்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்பர். ஐவேளைத் தொழுகையின் நேரத்தைக் கதிரவனைக் கொண்டே அறியும் சமுதாயம் நாம். அதன் இயக்கத்தை ஆராய்வது நமக்கு எவ்வாறு அந்நியமாகும்?

ஆகவே, புயல் நாள்களில் நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் வானிலைத் துறையின் அறிவிப்பை மட்டுமே சொல்லட்டும். உறுதி செய்யாத செய்தியைப் பகிராதிருப்பதும் அமானிதம் பேணுதலே. இயற்பியல் பயில விரும்பும் நம் மகளையும் மகனையும், வேலை கிடைக்குமா என்ற ஒரே கேள்வியால் தடுக்காதிருப்போம். நாளை அந்த ராடார்த் திரையின் முன் நம் பிள்ளைகளும் அமர்ந்து ஊரை எச்சரிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.