வள்ளத்தின் இருக்கையை உயர்த்தாதீர்கள்



போன கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சேர், இந்த வயதில வள்ளம் ஓட்டுறியளோ?" என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். கதை கொஞ்சம் நீளம். ஆனால் ஒன்ராறியோவில் இருக்கும் உங்களில் சிலரும் இந்தக் கோடையில் பழைய கனூ வாங்கும் யோசனையில் இருப்பதாக அறிந்தேன். அதனால் எழுதுகிறேன்.

மகன் வாங்கியது 16 அடி பைபர்கிளாஸ் கனூ. உடம்பில் வெடிப்பு இல்லை, விலையும் மலிவு. முன்பு வைத்திருந்தவர் தொங்கும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்க விளிம்புக்கும் மேலாகப் பலகை போட்டு முடுக்கியிருந்தார். அவருக்கும் முழங்கால் வருத்தமாம். மகனுக்கு அது நல்லதாகப் பட்டது. "அப்பா, உங்கட காலுக்குத் தோதான உயரம்" என்றான். எனக்கும் அப்போது சந்தோசந்தான், மறைக்க மாட்டேன்.

மே மாதம் கரையோரத்தில் வெள்ளோட்டம் விட்டோம். மகன் பின்னால், நான் அணியத்தில். பேரன் கரையில் நின்று வீடியோ எடுத்தான். அவனுக்குக் கை காட்டுவதற்காக நான் உடம்பைத் திருப்பினேன். அவ்வளவுதான். இரண்டு பேரும் தண்ணீருக்குள். முழங்காலளவு ஆழம் என்பதால் எழுந்து நின்றோம். பனி உருகிய ஏரியின் குளிர் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூச்சை இழுத்து விட முடியவில்லை. பேரனை நடுவில் இருத்திக்கொண்டு ஏரியின் மத்தியில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

31 வருடம் புவியீர்ப்பு மையம் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் எத்தனை வள்ளம் கீறியிருப்பேன்! கணக்கைப் பாருங்கள். மகன் 80 கிலோ, நான் 60, வள்ளம் 32. மொத்தம் 172 கிலோவில் 140 கிலோ இருக்கைகளில்தான் இருக்கிறது. இருக்கைகளை 4 அங்குலம் இறக்கினால், முழுத்தொகுதியின் மையம் 140 ஐ 172 ஆல் பிரித்து 4 ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறக்குறைய மூன்றேகால் அங்குலம் இறங்கும். கப்பலில் மாலுமி எங்கே இருந்தாலும் கப்பலுக்குக் கவலையில்லை. கனூவில் நாம்தான் பாரம்.

மகன் முதலில் முதுகு சாயும் கதிரை ஒன்றைப் பலகைக்கு மேலே பூட்டலாம் என்றான். அது இன்னும் உயரம். மருமகளின் தமையன், தென்னிலங்கை மீனவர் செய்வதுபோலப் பக்கத்தில் மிதவைக்கட்டை கட்டச் சொன்னார். கவிழாதுதான். ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகக்கூடிய வள்ளத்துக்கு ஏன் அந்தச் சுமை? இருக்கையை இருந்த இடத்துக்கே இறக்கு என்று பிடிவாதமாக நின்றேன். வீட்டில் இரண்டு நாள் கதை பேச்சில்லை.

பலகையைக் கழற்றியதும் விளிம்பில் பழைய துளைகள் அப்படியே இருந்தன. பழைய வள்ளம் வாங்குகிறவர்கள் முதலில் தேடவேண்டியது அதைத்தான். புதுத்துளை போடும் வேலை மிச்சம், கட்டியவன் நினைத்த இடமும் தெரிந்துவிடும். ஆஷ் மரச்சட்டத்தில் நாடா பின்னிய இருக்கை இரண்டு வாங்கினோம். ஒன்றுக்கு நாலு போல்ட், கால் அங்குலத் தடிப்பு, கறள் பிடிக்காதது. விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையில் துளையிட்ட மரக்கட்டைகள். இருக்கையின் உயரத்தைத் தீர்மானிப்பது அந்தக் கட்டையின் நீளந்தான். முன்பக்கக் கட்டையை ஒரு சொட்டு நீளமாக வைத்தால் இருக்கை முன்னால் சரியும், முழந்தாளிட்டு வலிப்பவருக்கு அது சுகம். வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள், பைபர்கிளாஸ் தூள் பொல்லாதது. உடம்பின் அடிப்பக்கத்தில் மட்டும் துளை போட்டுவிடாதீர்கள்.

இறக்குவது நல்லதென்று அளவில்லாமல் இறக்கவும் கூடாது. முழந்தாளிடும்போது பாதம் இருக்கைக்குக் கீழே போகும். கவிழ்ந்தால் அது தடையில்லாமல் வெளியே வரவேண்டும். எனவே சப்பாத்துப் போட்ட காலோடு இருந்து பார்த்துத்தான் கட்டையை வெட்டினோம். மற்றது, மிதவை அங்கி. ஆளுக்கொன்று வள்ளத்தில் இருக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அது காலடியில் கிடந்து பிரயோசனமில்லை, உடம்பில் இருக்கட்டும்.

என் முழங்காலுக்கு அந்தத் தாழ்ந்த இருக்கை சரிவரவில்லை. பத்து நிமிடத்தில் எழும்பவேண்டும் போலிருந்தது. மகன் மறுபடியும் உயர்த்துவோமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அணியம் இப்போது பேரனுக்கு. அவன் பாரம் குறைவு, முன்பக்கம் கிளம்பினால் காற்று வள்ளத்தைத் திருப்பிவிடும். அதனால் நான் நடுவுக்குச் சற்று முன்னால், தரையில் ஒரு மெத்தையில், கால் நீட்டி இருக்கிறேன். பேரன் என்னை "பாரம் தாத்தா" என்கிறான்.

படத்தில் நான் சவள் பிடித்திருப்பது படத்துக்காக மட்டும்.