கண்கண்ட சாட்சியின் யோக்கியதை

ஜீத்து ஜோசப் எழுதி இயக்கி 2013-ம் வருஷம் மலையாளத்தில் வெளியான "திருஷ்யம்" படத்தை நம்மில் அநேகர் பார்த்திருக்கலாம். பார்க்காதவர்கள் 2015-ல் "பாபநாசம்" என்று தமிழிலாவது கண்டிருப்பார்கள். இதே கதையை 2019-ல் சீன பாஷையில் எடுத்தார்கள். இயக்கியவர் மலேசியாவைச் சேர்ந்த சாம் குவா. தமிழ்ப் படம் மூலத்தை ஒட்டியே போயிற்று. சீனப் படமோ, தாய்லாந்தில் வாழும் சீனக் குடும்பத்தின் கதையாக்கி, நடுவிலும் முடிவிலும் இஷ்டம்போல் மாற்றிவிட்டது.

மாற்றியதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. எதை மாற்றினார்கள் என்பதுதான் விஷயம்.

மலையாளக் கதையின் உயிர் கொலையில் இல்லை, சாட்சியில் இருக்கின்றது. நாலாம் வகுப்போடு நின்ற கேபிள் டிவிக்கார ஜார்ஜ்குட்டி, கொலை நடந்த சமயத்தில், அதாவது ஆகஸ்ட் 2, 3 தேதிகளில், குடும்பத்தோடு தொடுபுழையில் ஒரு தியானக் கூட்டத்திலிருந்ததாகச் சாதிக்கின்றான். போனது வாஸ்தவந்தான், ஆனால் பிந்திய நாளில்! பிறகு ஓட்டல்காரர், பஸ் கண்டக்டர் முதலியவர்களை மறுபடியும் சந்தித்து, பேச்சோடு பேச்சாக அந்தத் தேதியை அவர்கள் மனதில் ஊன்றிவிட்டு வருகின்றான். போலீசார் கேட்டபோது அத்தனை பேரும் மனதறிந்து உண்மையென்றே சொல்லுகின்றார்கள். ஒருவருக்கும் லஞ்சமில்லை, ஒருவரும் பொய்யரில்லை, சொன்ன தேதி மட்டும் பொய்.

இது வெறும் சினிமாக் கற்பனையல்ல. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எலிசபெத் லாஃப்டஸ், பாமர் என்பவருடன் சேர்ந்து 1974-ல் ஒரு பரீட்சை செய்தார். மோட்டார் விபத்துப் படத்தைச் சிலருக்குக் காட்டி, கார்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று ஒரு பகுதியாரையும், "இடித்தபோது" என்ன வேகம் என்று மற்றொரு பகுதியாரையும் கேட்டார்கள். முன்னவர்கள் அதிக வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைக் கண்டதாகவும் அவர்களில்தான் அதிகம் பேர் சொன்னார்கள். "அற்புதத்தை என் கண்ணால் பார்த்தேன்" என்று அடித்துப் பேசும் நண்பர்களோடு மல்லுக்கு நிற்பதைவிட, அவர்களை இந்தப் படத்துக்கு அழைத்துப்போவது மேல்.

சீனப் படத்திலும் இந்தத் தந்திரம் உண்டு. ஆனால் தியானக் கூட்டம் போய் குத்துச்சண்டை வந்துவிட்டது. பந்தயத்தில் டிக்கெட்டும் கூட்டமும் கிடைக்கும். பிரார்த்தனைக்குப் போன குடும்பமென்றால் கேட்பவனுக்குப் பாதிச் சந்தேகம் தானாகவே ஒழியுமே, அது கிடைக்குமா? மலையாளத்தார் ஊரை அறிந்து எழுதியிருக்கின்றார்கள்.

நிற்க, முடிவைப் பார்ப்போம். ஜார்ஜ்குட்டி கடைசிவரை பிடிகொடுப்பதில்லை. செத்தவனின் பெற்றோரிடம் ஜாடையாக மன்னிப்புக் கேட்கின்றான். பிணமோ புதிய போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கடியிலேயே கிடக்கின்றது. சீனப் படத்தில், தோண்டி எடுத்த சவப்பெட்டியில் செத்த ஆடு இருக்கின்றது. போலீசாரின் அக்கிரமத்தைக் கண்டு ஜனங்கள் கொதித்து எழுகின்றார்கள். ஊர் படும் பாட்டைக் கண்ட தகப்பன் எல்லோர் முன்னிலையிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போகின்றான். சீனத்துத் தணிக்கை குற்றவாளியைத் தப்பவிடாது என்று பலரும் காரணம் சொல்லுகின்றார்கள். தகப்பன் மனச்சாட்சிக்குக் கட்டுப்படட்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அவன் ஒப்புக்கொண்டவுடன், அதிகாரத்தை எதிர்த்து எழுந்த ஜனங்கள் ஏமாந்த கும்பலாக ஆக்கப்பட்டுவிடுகின்றார்கள். போதாக்குறைக்கு, வெளிநாடுகளுக்கென்று படத்துக்கு இட்ட ஆங்கிலப் பெயரின் பொருள் "மேய்ப்பனில்லாத ஆடுகள்" என்பது! பைபிளில் அடிபடும் சொல் அது.

ஏழைக் குடும்பம் வதைபடுவதைக் கண்டு பொறுக்காதவர்களை ஆடு என்று அழைத்தால், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பார்களோ?