வெந்நீருக்கு வெயில் போதும்

மாடியில் சோலார் ஹீட்டர் வைப்பதா, குளியலறையில் கீசர் மாட்டுவதா என்ற கேள்வி பெரும்பாலும் கடையிலேயே முடிந்துவிடுகிறது. கீசர் மலிவு, சோலார் பல மடங்கு விலை. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை மாதம் வெந்நீரில் குளிக்கிறார்கள், மொட்டை மாடி யாருடையது என்று பார்த்த பிறகே விலையைப் பேச வேண்டும். கோவை, ஓசூர், ஏற்காடு போன்ற ஊர்களில் நான்கு பேர் வாழும் தனிவீட்டுக்கு சோலார் ஹீட்டரே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரம் செலவாகும். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால் 200 லிட்டர் வரை தேறும். நான்கைந்து பேர் தாராளமாகக் குளிக்கலாம். இரண்டு மாத பில்லில் இது 240 யூனிட். ஐந்து நட்சத்திர கீசர் வாங்கினாலும் இந்தச் செலவு குறையாது. தொட்டியில் நிற்கும் தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைத்தான் அந்த நட்சத்திரங்கள் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். பல குடும்பங்களை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளுவது கீசர்தான். பில்லைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சமே மின்சாரமாகிறது. அதைக் கம்பி வழியே கொண்டுவந்து, மறுபடி வெப்பமாக்கி, குளிக்கிற சூட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சுவது பெரும் விரயம்.

‘மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கிறோம், கீசர் அதில் ஓடட்டும்’ என்பது இப்போது அதிகம் கேட்கும் மறுப்பு. 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு மாடியில் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதே அளவு வெப்பத்துக்கு சோலார் ஹீட்டரில் 2 சதுர மீட்டர் தகடு போதும். தொட்டியின் இடத்தைச் சேர்த்தாலும் பேனல் அடைக்கும் இடத்தில் பாதிகூட ஆகாது. பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது, ஹீட்டரின் கறுப்புத் தகடோ பாதியளவுக்கு வெப்பமாகவே பிடித்து வைக்கிறது. பகலில் காய்ந்த தண்ணீர் மறுநாள் காலை வரை தொட்டியிலேயே சூடாக இருக்கும். பேட்டரி இல்லாத பேனல் வீட்டில் காலை ஆறு மணிக்குக் கீசரைப் போட்டால், ஓடுவது மின்வாரியத்தின் மின்சாரத்தில்தான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது? தொட்டிக்குள் ஒரு மின்கம்பிச் சுருள் வைத்துக்கொள்ளலாம். சில வாரங்கள் அது ஓடினாலும் ஆண்டுக் கணக்கு அவ்வளவாக மாறாது. உப்புத் தண்ணீர் இதைவிடப் பெரிய தொல்லை. போர்வெல் தண்ணீரில் தட்டைத் தகட்டின் மெல்லிய செப்புக் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அங்கே கண்ணாடிக் குழாய் வகை நல்லது. தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாயின் நீளத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முக்கால் அங்குலக் குழாய் 30 மீட்டர் ஓடினால் 8 லிட்டருக்கு மேல் பிடிக்கும். வெந்நீர் வருவதற்குள் அத்தனையும் வீணாக ஓடிவிடும். குளியலறைகளைத் தொட்டிக்கு நேர்கீழே அமைத்து, குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போட்டுவிட்டால் இந்த வீணடிப்பு வெகுவாகக் குறையும். இதை வீட்டு வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும்.

சென்னைக்கு இதே வாதத்தை அப்படியே நீட்ட மாட்டேன். சித்திரை, வைகாசியில் அங்கே மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. வெந்நீர் தேவைப்படும் மாதங்கள் கொஞ்சம், அவற்றிலும் மழை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ வாடகை வீட்டிலோ இருக்கும் இரண்டு பேருக்குச் சின்ன கீசரே பொருத்தம். ஆனால் வெந்நீர் ஆண்டு முழுக்கத் தேவைப்படும் ஊர்களில் அரசின் உதவி பேனலோடு நிற்பது சரியல்ல. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. சோலார் ஹீட்டருக்கு அதில் இடமில்லை. அந்த மானியத்தில் ஒரு சிறு பங்கையாவது ஓசூரிலும் நீலகிரியிலும் ஹீட்டர் வைப்பவர்களுக்குத் தர வேண்டும்.