ஒரு கார்டு, நூறு வீடு

காசு கட்டலேன்னா டிவியில படம் நின்னுடும். "லைனைக் கட் பண்ணிட்டான்"னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. டிடிஎச்-ல கட் பண்ண லைனே கிடையாதுங்க. 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்கிற செயற்கைக்கோள், பணம் கட்டினவன் வீடு, கட்டாதவன் வீடுன்னு பார்க்காது. மழை மாதிரி எல்லார் கூரை மேலயும்தான் கொட்டுது. ஆனா படத்தைக் கலைச்சுப் பூட்டி அனுப்புறாங்க.

திறக்கிற சாவி ஏறக்குறைய பத்து நொடிக்கு ஒருதரம் மாறும். அந்தச் சாவியும் படத்தோடயே, இன்னொரு பூட்டுக்குள்ள வருது. அதைத் திறந்து செட்டாப் பாக்ஸுக்குக் கொடுக்கிறதுதான் உள்ளே சொருகியிருக்கிற கார்டோட வேலை. ரீசார்ஜ் பண்ணினா அந்தக் கார்டுக்கு அனுமதியும் வானத்துல இருந்தே வரும்.

கார்டு ஷேரிங் பண்றவன் இங்கதான் நுழையறான். முறையா ஒரே ஒரு கார்டு வாங்கி இன்டர்நெட்டுல மாட்டி வைக்கிறான். நூறு வீட்டுப் பாக்ஸும் அவனைக் கேட்டுச் சாவி வாங்கிக்கும். நெட்டுல போறது படம் இல்லை, துளியூண்டு சாவிதான். அதனால கிராமத்து நெட்டே தாராளம்.

எங்க பக்கமும் ஒருத்தர் இப்படிப் பாக்ஸ் வித்தார். வருஷக் காசை மொத்தமா வாங்கினார். நாலே மாசத்துல படம் போச்சு, அவர் போனும் போச்சு. யார்கிட்ட போய்ப் புகார் கொடுப்பீங்க? 2012-ல திருத்தின காப்புரிமைச் சட்டப்படி, திருட்டுத்தனமா பார்க்கறதுக்காக இந்த மாதிரி பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரை ஜெயில்.

ஜனங்களுக்கு இது திருட்டுன்னே உறைக்கல. கிணத்துல என் முறைத் தண்ணியைப் பக்கத்துக் காட்டுக்கு விட்டா எனக்குக் குறையும். சாவியைக் கொடுத்தா யாருக்கும் எதுவும் குறையற மாதிரி தெரியல. ஆனா விதைக்காம அறுக்கிற தரகரைத் திட்டுற நாம, படம் எடுக்காம காசு பார்க்கிறவனை மட்டும் கெட்டிக்காரன்னு சொல்றது நியாயமா?

கம்பெனிக்காரங்க மேலயும் எனக்குக் கோபம் உண்டு. கார்டையும் பாக்ஸையும் ஜோடி சேர்த்துப் பூட்டை இறுக்கறதுலதான் அவங்க கவனம். நாலு சேனல் பார்க்கறவங்க வீட்டுல, கேட்காத சேனலையும் பேக்கேஜ்னு கட்டி விடறாங்க. மாசக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004-லயே வந்தாச்சு. ஆனா அதுல பெரும்பாலும் இந்திதான். அதுல தமிழைக் கூட்டுங்க, கூலிக்காரர் கட்டற விலையில சின்னப் பேக்கேஜ் கொடுங்க. கள்ளச் சாவிக்காரன் கடையைத் தானா மூடிட்டுப் போவான்.