பெரட்டுக் களத்திலிருந்து புட்டபர்த்திக்கு

சாய்பாபா வரவழைத்த விபூதி நிஜமா, கைவித்தையா? நம் பகுத்தறிவாளர்கள் இந்தக் கேள்வியிலேயே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டார்கள். 1976இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எச். நரசிம்மையா குழு அமைத்துச் சோதனைக்கே அழைத்தார். பாபா இணங்கவில்லை. சரி, விடுங்கள். என் கேள்வி வரிசையைப் பற்றியது.

1997 டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு புட்டபர்த்தி போனோம். செகிஞ்சானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் வழியில் எங்கள் செம்பனைத் தோட்டம். உதிரிப்பழம் பொறுக்கி, மூன்று வருடம் கூட்டுப் பணம் கட்டி அம்மா சேர்த்த காசு. அவர் வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுத்ததே அதற்காகத்தான்.

விடியுமுன் எழுந்து பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தோம். வரிசையின் முதல் ஆள் சீட்டு எடுப்பார். அந்த எண்படிதான் மண்டபத்துக்குள் விடுவார்கள். அம்மாவுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் கிராணி பேர் கூப்பிடும்வரை இருட்டில் நின்று பழகிய உடம்பு. துரை வந்தால் எப்படிக் குறுகுவாரோ, காவி அங்கி தெரிந்ததும் அப்படியே குறுகினார். எனக்கு எரிந்தது அங்கேதான்.

ஒரு கடுதாசி கொண்டுபோயிருந்தார். எழுதிக் கொடுத்தது ஆறாம் ஆண்டு மாணவியான நான். 'தோட்டத்தை விற்கப் போகிறார்கள், சாமி. எங்களுக்கு ஒரு வீடு வேண்டும்.' பாபா அதை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். "கையில வாங்கிட்டாரும்மா!" ஊர் திரும்பும்வரை அம்மாவுக்கு அதே பேச்சு.

'தோட்டத்து மூடநம்பிக்கை' என்று சிறுகதை எழுதும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். அம்மாவின் கையிலிருந்து வேறு யார் கடுதாசி வாங்கினார்கள்? தேர்தலுக்கு வந்த ஒய்பி வாங்கினார், பார்க்காமலே உதவியாளரிடம் நீட்டினார். 1991இல் புட்டபர்த்தியில் திறந்த மருத்துவமனையில் ஏழைக்கு இலவசமாக இதய அறுவைச் சிகிச்சை நடந்ததும் உண்மைதான். அதற்காக, வீட்டுப் பிரச்சினையைச் சாமி கையில் கொடுத்துவிட்டு வந்து சும்மா இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதே மாநிலத்தில் மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் தோட்டத்து ஜனங்கள் இருபது வருடத்துக்கும் மேலாகப் பதாகை பிடித்து வீடு கேட்டார்கள். அவர்கள் வீட்டிலும் சாமிப் படம் இருந்திருக்கும். எங்கள் லயத்தில் படம் மட்டும்தான் இருந்தது.

பாபா 2011 ஏப்ரல் 24இல் காலமானார். ஜூனில் அவருடைய அறையைத் திறந்து எண்ணியபோது 98 கிலோ தங்கம், 307 கிலோ வெள்ளி, பதினோரு கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம். பத்திரிகையை வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் குரூரமாகத்தான்.

அம்மா கேட்டார்: "கடுதாசி ஏதும் கெடந்துச்சாம்மா?"