கருவியைப் படம் பிடிப்போம், கையை மறவோம்!

அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மவர்களில் பலர் கோயில் கோபுரத்தைக் காட்டுவார்கள், அரண்மனையைக் காட்டுவார்கள். தன் கையிலிருக்கும் மண்வெட்டியைக் காட்டுகிறவர் எத்தனை பேர்? முப்பது வருஷம் தறி ஓட்டிய மில் தொழிலாளி, தன் கைபட்டுத் தேய்ந்த நாடாவை அழகான பொருள் என்று சொல்லக் கேட்டதுண்டா? சொல்ல மாட்டார். அழகைப் பார்க்க அவருக்குக் கண் இல்லையா? உண்டு. ஆனால் அழகு கனவான்களின் சமாசாரம், நமக்கு வேலைதான் சொந்தம் என்று தலைமுறை தலைமுறையாக அவர் காதில் ஓதி வைத்திருக்கிறார்கள்.

இது பொய். உழைப்பாளி செய்து, உழைப்பாளி பிடித்து, உழைப்பினாலேயே வடிவம் பெற்ற பொருளுக்கு அழகு உண்டு. அதைப் படம் பிடித்து வைக்க வேண்டும். இன்று செல்போன் இல்லாத தொழிலாளி வீடு அபூர்வம். ஆக, காமிரா நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் எதைப் படம் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது? அதில்தான் நமக்குத் தெளிவு வேண்டும்.

காமிரா யார் கையில் இருந்தது?

தமிழ்நாட்டுக்குக் காமிரா வந்த காலத்தில் அது கம்பெனி சர்க்காரின் கையில் இருந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலையும், மதுரைக் கோயிலையும், திருமலை நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். அருமையான படங்கள்தாம், மறுப்பதற்கில்லை. உழைக்கும் ஜனங்களைப் படம் பிடித்தார்களா? பிடித்தார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார்கள். இவன் இன்ன சாதி, இவன் இன்ன குணம் என்று ஆடுமாடுகளைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்து வைத்தார்கள். 1876-78 பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஏழைகளையும் ஹூப்பர் என்ற மற்றொரு ராணுவ அதிகாரி வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்த ஏழைகள் அதற்கு முன் பிடித்த ஏரும் அரிவாளும் அந்தப் படங்களில் இல்லை. கோபுரத்துக்கு மரியாதை கிடைத்தது. பட்டினிக்கு வேடிக்கை கிடைத்தது. வேலைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செம்பும் குறடும்

நூறு வருஷம் கழித்து நிலைமை சற்று மாறியது. சர்க்காரின் அழைப்பின் பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்புத் தம்பதி, 1958-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்ற அதுவே அடிப்படை. இந்த நாட்டில் தாங்கள் பார்த்து வியந்த பொருள் என்று அவர்கள் எதைச் சொன்னார்கள் தெரியுமா? தாஜ்மகாலை அல்ல, சாதாரணத் தண்ணீர்ச் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி உட்கார வேண்டும், சாய்த்தால் எப்படி ஊற்ற வேண்டும், கையை உள்ளே விட்டுக் கழுவ முடியுமா, என்ன விலையாகும் என்று இத்தனை கேள்விகளுக்கும் ஒரு செம்பு பதில் சொல்கிறது. இதை எந்த ஒரு தனி மேதையும் கண்டுபிடிக்கவில்லை. பல தலைமுறைக் கைகள் சேர்ந்து இந்த வடிவத்தைக் கண்டன. சரியான பேச்சு. அந்தக் கைகள் யாருடையவை? கன்னார் பட்டறையில் தீயின் முன் உட்கார்ந்தவருடையவை; குளத்தங்கரையில் மொண்டு பார்த்துக் குறை சொன்ன பெண்களுடையவை.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1955 ஜூலையில், அமெரிக்காவில் வாக்கர் இவான்ஸ் என்ற பிரபல போட்டோக்காரர் குறடு, திருகு சாவி, தகரம் வெட்டும் கத்திரி, கொத்தனார் கரண்டி போன்ற கைக்கருவிகளைத் தனித்தனியே படம் பிடித்து வெளியிட்டார். பின்னணியில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் கருவியின் விலையை அச்சிட்டார்கள். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் குறடு, கோயில் சிலை போல நின்றது. இதை வெளியிட்ட பத்திரிகை எது? பெருமுதலாளிகள் படிக்கும் 'பார்ச்சூன்'!

இதே பத்திரிகை 1936-ல் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரை அலபாமா மாநிலத்துக்கு அனுப்பியது. இதே இவான்ஸும் உடன் போனார். வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட ஏழைக் குடியானவர்களின் வாழ்வை எழுதவும் படம் பிடிக்கவும் போனார்கள். பலகைச் சுவரில் செருகி வைத்த கரண்டிகளையும், வாரச் சாகுபடிக்காரரின் குடிசைகளையும், அவற்றில் வாழ்ந்த மனிதரின் முகங்களையும் அவர் படம் பிடித்து வந்தார். அந்தக் கட்டுரையைப் 'பார்ச்சூன்' போட்டதா? போடவில்லை. 1941-ல் அது வேறு வடிவில் புத்தகமாக வந்தது. கவனியுங்கள்: குறட்டுக்கு இடம் கொடுத்த பக்கம், குடியானவனுக்கு இடம் கொடுக்கவில்லை. கருவியின் விலையை அச்சிட்டார்கள். கருவி பிடித்தவனின் கூலியை அச்சிடவில்லை.

கருவியின் அழகைப் பேச முதலாளிக்குத் தடை இல்லை. கையைப் பேசும்போதுதான் அவருக்குத் தொண்டை அடைக்கிறது.

நாடாவும் மரக்காலும்

பொருள் அழகாக இருக்கிறது என்பதோடு நாம் நின்றுவிடலாமா? கூடாது.

தறி நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனையும் கூராக, நடுவில் குடைந்து, படகு போன்ற வடிவம். பாவு நூலை அறுக்காமல் மின்னல் போலப் போய் வர வேண்டும் என்பதால் வந்த வடிவம் அது. அதன் பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. பழைய காலத்து லங்காஷயர் மில்களில் அந்தத் துவாரத்தில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்தார்கள் நெசவாளிப் பெண்கள். ஒரே நாடாவில் பலர் வாய் வைத்ததால் நோய் பரவும் அபாயம் இருந்தது. பஞ்சுத் தூசும் எண்ணெயும் வாய்க்குள் போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-ல் இதைத் தடை செய்தது. லங்காஷயரில் தடை வர 1952 ஆயிற்று. படத்தில் அந்தத் துவாரம் அழகான புள்ளியாகத் தெரியும். நாம் அதன் கீழே இந்தக் கதையை எழுத வேண்டும்.

மரக்காலும் அப்படித்தான். வட்டம் பிசகாத வாய், கைபட்டு மெருகேறிய பக்கம். பார்க்க லட்சணமான பொருள். ஆனால் குத்தகை நெல் அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் என்று மிராசுதார் வீட்டில் இருந்த கதை விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாளின் முதுகைக் கிழித்த சவுக்கும் உபயோகப் பொருள்தானே? அதையும் ஒருவன் நேர்த்தியாகத்தான் பின்னியிருப்பான். வேலைக்குப் பொருத்தமான வடிவமெல்லாம் அழகு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. யாருடைய வேலைக்கு, யாருக்கு எதிராக என்று கேட்ட பிறகே அழகைப் பேச வேண்டும்.

இடித்த பிறகு அழுது பயனில்லை

ஜெர்மனியில் சுரங்கமும் இரும்பாலையும் சூழ்ந்த ஸீகன் ஊரில் பிறந்தவர் பெர்ன்ட் பெக்கர். அவரும் அவர் மனைவி ஹில்லாவும் 1959 முதல் ஒரு காரியத்தில் இறங்கினார்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், சுரங்கத்தின் தூக்குக் கோபுரம், ஊது உலை, காஸ் தொட்டி ஆகியவற்றை நாடு நாடாகப் போய்ப் படம் பிடித்தார்கள். வெயில் நிழல் விளையாட்டு வேண்டாம் என்று மேகம் மூடிய நாளாகப் பார்த்து, பெரிய காமிராவை நேராக நிறுத்தி எடுப்பார்கள். ஒரே ஜாதிப் பொருள்களை ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையாக ஒட்டி வைப்பார்கள். அப்போதுதான் தெரியும், ஒன்று போல் மற்றொன்று இல்லை என்று. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தொழிலாளியின், ஏதோ ஒரு இஞ்சினீயரின் யோசனை இருக்கிறது. 1990-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் இந்தப் படங்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தார்கள்.

பரிசு கிடக்கட்டும். டார்ட்முண்டில் ஸோலர்ன் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1966-ல் மூடப்பட்டது. அதன் மெஷின் கூடத்தை இடிக்கத் தயாரானார்கள். இடிக்கக் கூடாது என்று கிளம்பிய குரலுக்குப் பெக்கர் தம்பதியின் படங்கள் கை கொடுத்தன. 1969-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. இன்று அது சுரங்கத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் மியூசியம். போட்டோ ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும் என்பதற்கு இது சாட்சி.

ஆனாலும் பெக்கர் படங்களில் ஒரு குறை உண்டு. அவற்றில் மனிதனே இல்லை. நம் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டியை அப்படிப் படம் பிடித்தால் போதுமா? புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் ஜனங்கள் குடித்த தொட்டி நீரில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரிய வந்தது. அந்தத் தொட்டியின் தூண்களும் வட்டமும் இந்தக் கொடுமையைச் சொல்லுமா? சொல்லாது. மனிதரின் வார்த்தை பக்கத்தில் இருந்தால்தான் கல்லும் சிமெண்டும் வாய் திறக்கும்.

இந்தக் குறைக்கு மருந்து லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கரிடம் உண்டு. 1908 முதல் பஞ்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளை அவர் படம் பிடித்தார். கண்ணுக்கெட்டிய தூரம் கதிர்கள் வரிசையாக ஓடும். அவற்றின் நடுவே ஒரு சின்னப் பெண் நிற்பாள். குழந்தையின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களைக் கொண்டு அளந்துகொள்வார். பெயர், வயது, கூலி என்று கிடைத்த விவரத்தையெல்லாம் எழுதி வைப்பார். மெஷினும் இருக்கிறது, மனிதரும் இருக்கிறார், கணக்கும் இருக்கிறது. குழந்தை உழைப்பை ஒழிக்க நடந்த இயக்கத்துக்கு இந்தப் படங்கள் ஆயுதமாயின.

நம் பக்கத்தில் என்ன மிஞ்சியது?

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பாதையைப் பாருங்கள். தோல் ஆலையின் பெயரால் ஊரான குரோம்பேட்டையில் அந்த ஆலை இன்று இல்லை. பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. பெருங்களத்தூரில் கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது. மறைமலை நகரில் போர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-ல் நின்றது. வடக்கே பெரம்பூரில், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. எத்தனை நாடா, எத்தனை சங்கு, எத்தனை சாப்பாட்டுத் தூக்கு! உள்ளே வேலை செய்தவர் கையால் எடுத்த படம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

இந்தப் பாதையில் உள்ள பொத்தேரிக்கு வாருங்கள். பெயரிலேயே ஏரி உள்ள ஊர். செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. கரை, மதகு, கலங்கல் என்று ஒவ்வொரு ஏரிக்கும் அங்கங்கள் உண்டு. எவ்வளவு நீர் வந்தாலும் கரை உடையாமல் மிகுதியை வழியவிடும் கலங்கலைவிட அறிவுள்ள கட்டடம் எது? அதைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இல்லை. மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியின் பெயரும் இல்லை. இன்று பொத்தேரியில் வானுயரக் கல்லூரிக் கட்டடங்களும் விடுதிகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. அவற்றின் முகப்பைத் தினமும் ஆயிரம் பேர் படம் பிடிக்கிறார்கள். அவற்றை எழுப்பிய சாரத்தை யார் பிடித்தார்கள்? சவுக்குக் கழிகளைக் கயிற்றால் கட்டி, ஆணி ஒன்றும் அடிக்காமல், பத்து ஆளைத் தாங்க நிறுத்தும் சாரம் எப்பேர்ப்பட்ட வேலை! கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்து விடுகிறார்கள். சாரம் கட்டியவரும் அடுத்த ஊருக்குப் போய் விடுகிறார். தூக்குக்குண்டு, ரசமட்டம், சாந்துச் சட்டி, விடுதிச் சமையற்கட்டின் அண்டா, டீக்கடை பாய்லர்: இவையெல்லாம் நம்முடைய சிற்பங்கள்.

"வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, போட்டோ எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யோசியுங்கள். ஆலையை மூடி நிலத்தை விற்றபின், இங்கே என்ன நடந்தது என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? முதலாளியிடம் பத்திரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, திறப்பு விழாப் படம் இருக்கிறது. நம்மிடம் நினைவு மட்டும் இருக்கிறது. அதுவும் நம்மோடு சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. தடுப்பு இல்லாத பல்சக்கரத்தின் படம், விரலை இழந்தவருக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் கருவியைப் பகல் வெளிச்சத்தில், நேராக, பகட்டில்லாமல் படம் பிடியுங்கள். அதைப் பிடித்த கையோடு இன்னொரு படம் எடுங்கள். கீழே ஐந்து விஷயம் எழுதுங்கள்: பொருளின் பெயர், நம் ஊர் வழக்கில், செய்தவர் யார், பிடித்தவர் யார், நாள் கூலி என்ன, அதனால் பட்ட காயம் என்ன. ஆலைக்குள் செல்போன் கூடாது என்று வாசலில் பிடுங்கி வைக்கிறார்களா? அந்த வாசலையே படம் பிடியுங்கள். வீட்டுக்கு வந்த சாப்பாட்டுத் தூக்கையும், எண்ணெய்க் கறை படிந்த சட்டையையும் பிடியுங்கள். பேர் வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து என்றால் பேரை மறைத்துக் கொள்ளுங்கள், மற்றதை எழுதுங்கள். படங்களைச் செல்போனிலேயே விட்டு வைக்காதீர்கள், அது உடைந்தால் போயிற்று. காகிதத்தில் அச்சிட்டுச் சங்க அலுவலகத்தில் சேருங்கள். மே தினத்தன்று சுவரில் வரிசையாக மாட்டுங்கள். பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுங்கள்.

கோபுரத்தை அண்ணாந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள், பார்த்தோம். இனி நம் கையைக் குனிந்து பார்ப்போம். அந்தக் கோபுரத்தையும் கட்டியது இந்தக் கைதான்.