கடிதத்திற்கும் ஆயுள் உண்டு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்பது நம்மவர் வழக்கு. வீட்டை வாங்கிப்பார் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் தகும். கட்டுகின்றவனுக்குக் கல்லும் சீமெந்தும் கண்முன்னே கிடக்கும். வாங்குகின்றவனுக்கோ எல்லாம் கடதாசியிலே கிடக்கும். அத்தகைய கடதாசி ஒன்று என் பெட்டகத்துள்ளேயே, யான் அறியாதபடி, உயிர்விட்ட கதையை ஈண்டுக் கூறுகின்றேன். என் பேதைமையை வெளியிடுதல் எனக்கு நாணந் தருவதே. ஆயினும் பிறர் தப்புதற்கு அது பயன்படுமாயின் நாணத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் மகளும் மருமகனும் கோண்டாவிலில் ஒரு வீட்டை விலைபேசினர். இரண்டு பரப்புக் காணி, அளவான கல்வீடு, நன்னீர்க் கிணறு. விலைப்பணத்தில் 40 இலட்சம் ரூபாவை ஈட்டுக்கடனாகத் தருவதற்கு இசைந்து ஒரு வங்கி பெப்ரவரி 14 ஆந் திகதி கடிதம் எழுதியது. வட்டி நூற்றுக்கு 11.5, காலம் 15 ஆண்டு, மாதந்தோறும் கட்டவேண்டியது ஏறக்குறைய 46,700 ரூபா. “கடதாசி அலுவலை மாமா பார்த்துக்கொள்ளுவார்” என்று மருமகன் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்புவித்தார். கடிதம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். முதற் பக்கத்திலே தொகையையும் வட்டியையும் கண்டு மகிழ்ந்து, எஞ்சிய பக்கங்களைப் புரட்டாமலே பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். திருக்குறளிலே காலமறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடஞ் சொல்லுபவன் செய்த காரியம் இது.

அவ்வீட்டுக்கு உரியவர் உடன்பிறந்தார் மூவர். மூத்த அம்மையார் இங்கே இருந்தார். இளையவர் ஒருவர் கனடாவில். அவர் கையொப்பமிட்ட அற்றோணித் தத்துவம் வந்தாலன்றி உறுதி முடித்தல் இயலாது. அது புத்தாண்டு விடுமுறையுங் கழிந்து, ஏப்ரல் 26 இல் வந்து சேர்ந்தது. அதனை வெற்றிக்கொடி போல ஏந்திக்கொண்டு வங்கிக்குச் சென்றோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே, “ஐயா, மூன்றாம் பக்கத்தைப் பாருங்கோ” என்றார். அறுபது நாளுள் ஈட்டுறுதி முடிக்கப்படாவிடின் இவ்விசைவு செல்லாது என்று அங்கே எழுதியிருந்தது. அறுபதாம் நாள் ஏப்ரல் 15. கடிதம் காலாவதியாகிப் பதினொரு நாள் ஆகிவிட்டது.

வேறொரு காலமாயின் இப்பதினொரு நாள் பெரிதாகத் தோன்றியிராது. ஆனால் அவ்வாண்டு ஏப்ரல் 8 ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. வைப்புக்குரிய வீதம் 6.5 இலிருந்து 13.5 ஆகவும், கடனுக்குரியது 7.5 இலிருந்து 14.5 ஆகவும் ஏறின. எமக்குப் புதிதாகக் கூறப்பட்ட வட்டி நூற்றுக்கு 20. அதே கடனுக்கு மாதம் 70,250 ரூபா கட்டவேண்டும். மருமகன் என்னை ஒரு சொல்லும் நோகவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பேசாமல் நடந்தார். அந்தப் பேசாமையே எனக்குத் தண்டனையாயிற்று.

வங்கி எம்மை வஞ்சித்தது என்று யான் சொல்லேன். எழுதியபடியே நடந்தது. ஆயினும் ஒன்று கேட்கின்றேன். காலவரையறை என்பது இரு திறத்தாரும் அறிந்து கொள்ளுதற்கன்றோ? 1707 இலே தொகுக்கப்பெற்ற நம் தேசவழமையை நோக்குக. ஒற்றி வைத்த காணியை மீட்கக் கருதுபவன், பயிரின் பருவத்தை நோக்கி முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அந்தத் தவணையை வயலே இருவர்க்கும் அறிவித்தது. எழுத்தறியாதவனும் கதிரைக் கண்டு காலத்தை அறிந்தான். இன்றைய தவணையோ மூன்றாம் பக்கத்தில், கடன்காரன் மொழியல்லாத மொழியில், சிற்றெழுத்திலே கிடக்கின்றது. அத்திகதியை முதற் பக்கத்தின் உச்சியிலே தமிழில் எழுதி, முடிவதற்கு இரு வாரம் முன்னே ஒரு நினைவூட்டல் அனுப்பினால் வங்கிக்கு என்ன நட்டம்?

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. இசைவுக் கடிதம் கடன் அன்று. கடனுக்கு ஒரு கதவு திறந்திருக்கின்றது என்னும் அறிவித்தலே. ஆதலின் கதவைத் திறப்பிக்குமுன் வழியைச் செப்பஞ் செய்க. காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டு உரித்தைத் தேடுவித்தல், அளவைப் படம், தெருக்கோட்டுச் சான்றிதழ், வெளிநாட்டிலிருப்போரின் அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை முன்னரே தொடங்குக. கடிதம் வந்த அன்றே இரண்டு வினா வினவுக: இது எந்நாள் முடியும்? அந்நாள்வரை வட்டி மாறாதா? தாமதம் நேருமென்று தோன்றின், முடியுமுன் நீடிப்பை எழுத்திற் கேட்க. முடிந்தபின் கேட்பது நீடிப்பு அன்று, புது விண்ணப்பம். மதிப்பீடும் வட்டியும் புதிதாகலாம். யான் மார்ச்சு மாதத்திற் கேட்டிருந்தால் வங்கி இசைந்திருக்கலாம், மறுத்துமிருக்கலாம். கேளாமை என் குற்றம்.

முற்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். கடன் கிடையாவிடின் முற்பணம் திரும்பும் என்னும் வாசகமும் அதில் இருத்தல் நன்று. யாமோ ஐந்து இலட்சம் ரூபாவை முத்திரை ஒட்டிய ஒரு துண்டை நம்பிக் கொடுத்திருந்தோம். வீடு வேறொருவர்க்கு விலைப்பட்டது. அம்மையார் ஒருநாள் மாலை எம் வீட்டுக்கு வந்து, ஐந்து இலட்சத்தையும் எண்ணிக் கொடுத்து, “பிள்ளைகளின்ரை காசு, எனக்கு வேண்டாம்” என்றார். கையொப்பமிட்ட எழுத்து அறுபது நாளில் முடிந்துபோயிற்று. எழுதாத ஒரு சொல் முடியாமல் நின்றது. ஆனால் அத்தகைய அம்மையாரை நம்பி எவரும் வீடு வாங்கப் புறப்படலாகாது.

வட்டி இறங்கியபின், 2024 இலே பிள்ளைகள் அதனிற் சிறிய ஒரு வீட்டை வாங்கினர். அம்முறை கடிதம் வந்த அன்றே நான்கு பக்கத்தையும் அகராதியோடு இருந்து வாசித்தேன். முடியும் நாளைச் சுவர்க் கலண்டரிலே சிவப்பு மையால் வட்டமிட்டேன். அந்நாளுக்கு ஒன்பது நாள் முன்னே உறுதி முடிந்தது. கலண்டரைக் கழற்ற மகள் விடவில்லை. அது இன்றும் அவ்வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது.